வாழைக்கு 13, இறாலுக்கு மைனஸ் 18

நான் போய்ச் சேர்ந்தபோது தூத்துக்குடிப் பக்கத்து ஆத்தூரில், வெற்றிலைக் கடையில் கட்டு கட்டும் வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. கொடிக்காலில் கிள்ளி வந்த இலையைப் பெண்கள் ரகம் பிரித்து அடுக்க, ஆண்கள் தண்ணீர் தெளித்து வாழைச்சருகு சுற்றிக் கட்டினார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை இது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் மக்கள் எந்நேரமும் வெற்றிலை மெல்வதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் காயல், தாமிரபரணி ஆற்றுக்கு வடக்கே இருக்கும் பழையகாயல்தான் என்கிறார்கள்.

"வெளிநாட்டுக்கு இத எதுல அனுப்புவீங்க அண்ணாச்சி?"

"பிளேன்தான். கப்பல்ல போட்டா அங்க எறங்கும்போது கறுத்துல்லா கெடக்கும்?"

தூத்துக்குடித் துறைமுகம் அந்தக் கடையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அங்கிருந்து நாள்தோறும் உணவுப் பொருள் கடல் தாண்டிப் போகிறது. எது போகிறது, எது ஏன் போவதில்லை என்று பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

கடைக்குப் பின்னால் வாழைத் தோட்டம். ஏத்தன், கோழிக்கூடு, கற்பூரவள்ளி எல்லாம் தாமிரபரணித் தண்ணீரில் விளைபவை. 2023 டிசம்பர் வெள்ளத்தில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, இந்த வட்டாரத்தில் வாழையும் கொடிக்காலும் சேர்ந்தே அழிந்தன. மறுபடி நட்டு நிமிர்ந்தவர்கள் இவர்கள். அன்று வெட்டிய தார்கள் வரப்போரம் வெயிலில் கிடந்தன, லாரி வரும்வரை. வந்த லாரியும் திறந்த லாரி. இந்த வெயில் நேரத்தை நான் அன்று முழுக்க மறக்கவில்லை.

பாலம் தாண்டி முக்காணி, பழையகாயல், அதன்பின் உப்பளங்கள். இந்தக் கரை காலங்காலமாக விற்றுவந்த பொருள்களை நினைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: முத்து, சங்கு, உப்பு, கருவாடு. எதுவும் அழுகாது. காற்று சாதகமாகும்வரை தோணி காத்திருக்கலாம், சரக்கும் காத்திருக்கும். இறாலும் அந்தக் காலத்தில் காய்ந்துதான் பர்மாவுக்கும் இலங்கைக்கும் போனது. 1953-இல் கொச்சியிலிருந்துதான் உறையவைத்த இறால் இந்தியாவை விட்டு முதலில் கப்பலேறியது.

இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்றுக்குள் போக அனுமதி கிடைத்தது. ரப்பர் பூட்ஸ், தலையுறை, முகக்கவசம், குளோரின் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போனதும் விரல் விறைத்தது. பண்ணையில் பிடித்த நிமிடமே ஐஸில் போட்டுக் கொண்டுவந்த வனாமி இறால் அது. 2009-இல் இந்தியாவுக்குள் அனுமதிக்கப்பட்ட இனம். இன்று ஏற்றுமதி இறாலில் பெரும்பகுதி அதுதான். நீள மேசைகளின் இருபுறமும் பெண்கள் நின்று தலை நீக்குகிறார்கள், தோல் உரிக்கிறார்கள், குடல் நரம்பை இழுக்கிறார்கள். மேசையிலும் ஐஸ், தட்டிலும் ஐஸ். பவுண்டுக்கு 16 முதல் 20 இறால், 21 முதல் 25 என்று எண்ணிக்கைவாரியாகத் தரம் பிரிகிறது. உறைகூடத்தின் வழியே ஓடும் பட்டையில் ஒவ்வொரு இறாலும் தனித்தனியாகக் கல்லாகிறது. பிறகு குளிர்ந்த நீர் பட்டு மேலே மெல்லிய பனிப்படலம் ஏறுகிறது. அதை 'கிளேசிங்' என்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்து இறால் வெளுத்துப் போகாமல் அந்தப் படலம்தான் காக்கிறது.

எட்டு மணி நேரம் அந்தக் குளிரில் நின்று வேலை செய்யும் கைகளைப் பார்த்தேன். ஏற்றுமதிக் கணக்குகளில் இந்தக் கைகளுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை. இந்த வணிகமே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

'ரீஃபர்' எனும் குளிர்பதனக் கன்டெய்னர் பெட்டியில் ஏற்றும் இடத்தில் மேற்பார்வையாளர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். "ரீஃபர்னா பெரிய ஃபிரிட்ஜ்னு எல்லாரும் நெனைக்காங்க சார். அது சரக்கக் குளிர வைக்காது. குளிர்ந்து வந்தத அப்படியே வச்சிருக்கும், அவ்வளவுதான்." இறால் ஏற்கெனவே மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும் கீழே உறைந்து வர வேண்டும். பெட்டியின் தரை வரிவரியாகப் பள்ளம் கொண்டது. குளிர்காற்று அந்தப் பள்ளங்களில் ஓடி மேலேறித் திரும்பும். சுவரில் போட்ட சிவப்புக் கோட்டுக்கு மேல் அட்டைப்பெட்டி அடுக்கினால் காற்று திரும்ப வழியில்லை. கதவு திறந்திருக்கும்போது இயந்திரத்தை ஓட்டவும் கூடாது. தூத்துக்குடிக் காற்றின் ஈரம் உள்ளே போய்க் குளிர்ச்சுருளில் பனிக்கட்டியாகப் படியும். அதனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கிடங்கின் வாசலோடு பெட்டியை ஒட்டவைத்து, மூச்சு விடாமல் ஏற்றுகிறார்கள்.

இந்த ஒழுங்கு எல்லாம் இருந்தும் வெளியே தட்டுப்படும் தடைகள் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் இந்திய வளர்ப்பு இறால் சரக்குகளில் பாதியை எடுத்து ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறதா என்று சோதிக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது இறால் பண்ணைக்காரர்கள் வரை அடி இறங்கியது.

துறைமுகத்தில் ரீஃபர்களுக்கென்று தனி இடம். ஒவ்வொன்றிலிருந்தும் தடித்த கேபிள் போய் மின்செருகியில் முடிகிறது. முகப்புத் திரையில் வெப்பநிலை ஒளிர்கிறது; ஊழியர் ஒருவர் வரிசையாக நடந்து அதைக் குறித்துக்கொண்டு போகிறார். பெரும்பாலான பெட்டிகள் சிறிய கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். மைனஸ் 18 காட்டிய வரிசையில் ஒரு பெட்டி மட்டும் 13 சொச்சம் காட்டியது. வாழைக்காய். அதற்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்துக் கெட்டுவிடும். மேலே போனால் பழுக்கத் தொடங்கும். உறைந்த இறால் செத்த பொருள், வாழைக்காய் பெட்டிக்குள்ளும் மூச்சு விடுகிறது, சூட்டையும் எத்திலீனையும் வெளியிடுகிறது. செங்கடல் வழி ஆபத்தாகி, ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. இறாலுக்கு அது கூடுதல் செலவு. வாழைக்கு அது சரக்கே போவது.

பழைய துறைமுகத்தில் இன்னொரு காட்சி. மாலத்தீவுக்குப் போகும் தோணியில் வெங்காயமும் காய்கறியும் ஏறிக்கொண்டிருந்தன, குளிர்வசதி ஏதுமில்லாமல். 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலேவுக்கு நேரடிச் சரக்குக் கப்பல் தொடங்கினார்கள். ஆனாலும் தோணிக்கு வேலை இருக்கிறது. சில நாள் பயணம் என்றால் வெங்காயம் தாங்கும், கீரை தாங்காது. அது எல்லா மாலுமிக்கும் தெரிந்த கணக்கு.

ஆத்தூர் ஏத்தனுக்குக் கப்பல் வழி அடைபட்டுக் கிடக்கவில்லை. 2021 மார்ச்சில் கேரளத்தின் காய்கனி வளர்ச்சி மன்றம் கொச்சியிலிருந்து லண்டனுக்கு ஏத்தன் காயை ரீஃபரில் அனுப்பிப் பார்த்தது. முழுதாக முற்றுவதற்கு முன்பே வெட்டி, சீப்பாக அறுத்துக் கழுவி, குளிரவைத்துத்தான் ஏற்றினார்கள்; முறையை வகுத்தது திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம். நம் மாநிலத்தில் இருக்கும் மையம்தான். வெட்டியதிலிருந்து குளிரும்வரை உள்ள சில மணி நேரத்தில்தான் காயின் ஆயுள் முடிவாகிறது. காலையில் வரப்போரம் கிடந்த தார்கள் அந்த நேரத்தை வெயிலில் கழித்துவிட்டன. அதற்கப்புறம் எந்தக் கப்பல் கம்பெனியாலும் அதை மீட்க முடியாது.

ஆகவே துறைமுகத்தில் இன்னும் பத்து மின்செருகி கூடுவதைவிட, ஆத்தூர்ப் பக்கம் கழுவும் தொட்டியோடு ஒரு குளிரறை வருவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது வந்தாலும் ஒரு 40 அடிப் பெட்டி நிரம்ப ஏறக்குறைய 20 டன் காய், ஒரே முற்றலில், ஒரே சமயத்தில் வேண்டும். எந்தத் தனி விவசாயியாலும் அதைத் தர முடியாது. பல தோட்டங்கள் ஒரே வாரத்தில் கன்று வைக்க வேண்டும். அதற்கான பேச்சை அடுத்த நடவுக்கு முன்பே தொடங்கியாக வேண்டும்.