இரண்டாவது கியர்

2021 நவம்பரில் என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பேயை ஒரு தமிழ்ப் பையனுக்கு விற்றேன். அதன் கியர்பாக்ஸ் கெட்டிருந்தது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியவராமல் பார்த்துக்கொண்டேன். வாய் தவறியோ மறந்தோ நடந்த காரியம் இல்லை. முன்கூட்டி யோசித்து, நேரம் பார்த்து, ஒவ்வொன்றாகச் செய்தேன்.

நான் வசிப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்டில். கார் ஓட்டப் பழகியது மதுரையில், டிரைவிங் ஸ்கூல் மாருதி 800-இல். அமெரிக்கா வந்த புதிதில், இங்கே பெரும்பாலானவர்களுக்கு கிளட்ச் மிதிக்கவே தெரியாது என்று கண்டபோது எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது. ஆபீஸில் கார் பேச்சு வந்தால், “எங்க ஊர்ல பாட்டிகூட கியர் வண்டிதான் ஓட்டும்” என்று அளப்பேன். என் பாட்டி ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவே பயப்படுவாள். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை இந்த அளப்பில்தான் இருந்தது.

2017-இல் வேலை உயர்வு வந்தது. இரண்டு கதவு, மேனுவல் கியர், பின்சக்கர இழுவை உள்ள ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கட்டுப்படியாகும் விலையில் அப்படிப்பட்ட வண்டிகள் அதற்குள் அருகிப்போயிருந்தன. ஹோண்டாவின் பிரெலூட் 2001-இலும் டொயோட்டாவின் செலிக்கா 2005-இலும் நின்றுபோயின. ஹுண்டாய் ஜெனிசிஸ் கூப்பே 2016-இல்தான் விடைபெற்றிருந்தது. சிவிக் எஸ்ஐ கூப்பே நல்ல வண்டி, ஆனால் இழுப்பது முன்சக்கரம். மஸ்டாங் எனக்குப் பெரிய உருப்படி. சுற்றிச் சுற்றி சயான் எஃப்ஆர்-எஸ் என்ற ஒன்றில் வந்து நின்றேன். அதே வண்டி அப்போது டொயோட்டா 86 என்ற பெயரில் புதிதாக விற்றுக்கொண்டிருந்தது, சுமார் 27,000 டாலருக்கு. நான்கு வயதான 2013 மாடல் பதினைந்தாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்தது.

அந்த வண்டி மலிவாக வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. டொயோட்டாவும் சுபாருவும் செலவைப் பங்குபோட்டுச் செய்த கார் அது. படுக்கைவாட்டு எஞ்சின் சுபாருவுடையது. எரிபொருள் தெளிப்பு முறை டொயோட்டாவுடையது. கட்டியது ஜப்பானில் குன்மா மாவட்டத்து ஓட்டா நகரில் இருக்கும் சுபாரு தொழிற்சாலை. தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாடா டர்போ வேண்டாம் என்று இருந்துவிட்டார். இரண்டு லிட்டர், 200 குதிரைத்திறன், எடை சுமார் 1,250 கிலோ, அவ்வளவுதான். பிரியஸில் போட்ட அதே ரக டயரை இதற்கும் போட்டார்கள். பிடிமானம் குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே வண்டி வழுக்கி விளையாட்டுக் காட்டும் என்பது கணக்கு.

ஒரு குணம் மட்டும் எல்லோரும் அறிந்தது. நிமிடத்துக்கு 3,500 சுற்றிலிருந்து 4,500 வரை எஞ்சின் இழுவை தொய்யும். அதைத் தாண்டி, 7,000 வரை ஏற்றினால்தான் வண்டிக்கு உயிர் வரும். எனவே ஓட்டுபவர் உச்சத்துக்கு ஏற்றி ஏற்றித்தான் கியர் மாற்றுவார். நானும் மாற்றினேன்.

எனக்கு விற்றவர் பணி ஓய்வு பெற்ற பெரியவர். ஆயில் மாற்றிய ரசீதுகூடத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். முதல் நாளே போன் செய்து, “நான் வருமுன் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று கேட்டுக்கொண்டேன். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. எஞ்சினும் கியர்பாக்ஸும் தம் நோயைக் குளிர்ந்திருக்கும்போதுதான் சொல்லும். சூடு ஏறிவிட்டால் பாதி நோய் ஒளிந்துகொள்ளும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. முன் பேனல் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருக்கிறதா, நான்கு டயரும் ஒரே கம்பெனியா, பின் டயர் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். தனி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்கவும் சொன்னேன். பெரியவர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. வண்டி பழுதில்லாமல் இருந்தது. அதைக் கெடுத்தது முழுக்க முழுக்க நான்.

முதல் கியரில் 7,000 வரை ஏற்றி இரண்டாவதுக்கு மாற்றும்போது, எஞ்சின் சுமார் 4,200-க்கு இறங்கியாக வேண்டும். அந்தக் கியர்பாக்ஸில் இருக்கும் இடைவெளிகளிலேயே அதுதான் பெரியது. சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்துவது சிங்க்ரோனைசர் வளையத்தின் வேலை. ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவன் இரண்டெட்டு கூடவே ஓடுவானே, அதற்கு அவகாசம் தருவது போல அது ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தை நான் கொடுக்கவில்லை. படாரென்று தள்ளுவதுதான் திறமை என்று நினைத்தேன். லிவர்மோரிலிருந்து மலைக்குள் போகும் மைன்ஸ் ரோட்டிலும், மேற்கே ஸ்கைலைன் பாதையிலும் சனிக்கிழமை விடியலில் போவேன். வளைவுக்கு முன் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போதும் எஞ்சின் வேகத்தை ஒத்துப்போக ஏற்றாமல், கையால் அழுத்தித் திணிப்பேன். மாருதி 800 அதையெல்லாம் பொறுத்துக்கொண்டது, ஏனென்றால் அதில் நான் நாற்பதைத் தாண்டியதே அபூர்வம்.

மூன்றாவது குளிர்காலத்தில் காலை வேளைகளில் இரண்டாவது கியர் கரகரக்கத் தொடங்கியது. மெக்கானிக்கிடம் போனேன். சிங்க்ரோ தேய்ந்துவிட்டது, பெட்டியை இறக்கிப் பிரித்துச் சரிசெய்ய இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றார். பிறகு கேட்டார்: “வாங்கும்போதே இப்படித்தான் இருந்ததா?”

“ஆமாம்” என்றேன்.

முதல் பொய் அதுதான். வாடிக்கையாளர் யார் கெடுத்தார் என்பதில் அந்த மெக்கானிக்குக்கு என்ன அக்கறை? எனக்கு இருந்தது. ரசீது அடுக்கி வைத்திருந்த அந்தப் பெரியவர் தலையில் பழியைப் போட்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடமும் அதையே சொன்னேன். “வாங்கும்போது செக் பண்ணினியே?” என்றார். “குளிர்ல பார்த்தாத்தான் தெரியும்” என்று சமாளித்தேன். குளிரில்தான் பார்த்தேன் என்பதை அவர் மறந்திருந்தார்.

செலவைத் தள்ளிப்போட்டேன். வண்டி சூடாகும்வரை முதலிலிருந்து நேரே மூன்றாவதுக்குத் தாவப் பழகிக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு நான்கு கதவு வண்டி தேவைப்பட்டது. 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் புது கார்கள் கிடைக்காமல், பழைய கார்களின் விலை ஏறிக் கிடந்தது. நான் கொடுத்த விலையிலேயே ஏறக்குறைய விற்றுவிடலாம். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவராக அந்தத் தம்பி வந்தார். கரூர்ப் பக்கம். எம்.எஸ். முடித்து முதல் வேலை. அப்பாவின் இண்டிகாவில் ஓட்டப் பழகியவர். “ரொம்ப நாள் ஆசைக்கா, இந்த வண்டி” என்றார் போனில்.

வாங்கும்போது கற்றதையெல்லாம் தலைகீழாகத் திருப்பினேன். முந்தைய வாரம் கியர் ஆயிலை மாற்றினேன். புது ஆயில் கரகரப்பைக் கொஞ்சம் அடக்கும். ரசீது என் பொறுப்புணர்வுக்குச் சாட்சி சொல்லும். அதைக் கோப்பில் மேலாக வைத்தேன். அவர் வரவேண்டிய காலையில் 880 நெடுஞ்சாலையில் வண்டியை நன்றாகச் சூடேற்றிக் கொண்டுவந்தேன். பானெட்டில் கை வைத்தால் தெரிந்துவிடுமே? ஹோஸை எடுத்து வண்டியைக் கழுவ ஆரம்பித்தேன். அவர் வந்து இறங்கியபோது தண்ணீர் சொட்டச் சொட்ட வண்டி பளபளத்துக்கொண்டிருந்தது. “எனக்காகவா கழுவுறீங்க, விடுங்கக்கா” என்றார்.

இதையெல்லாம்விட மோசமாக எனக்குத் தோன்றுவது நான் சொன்ன உண்மைகள். வலது பின் சக்கரத்தில் நடைபாதையில் உரசிய தழும்பைக் குனிந்து காட்டினேன். கண்ணாடியில் கல் தெறித்த புள்ளியைக் காட்டினேன். வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்று 2018 நவம்பரில் 2013 மாடலுக்கு ரீகால் வந்திருந்தது. எஞ்சினை வெளியே எடுத்துச் செய்கிற பெரிய வேலை. அது முடிந்ததற்கான தாளையும் நீட்டி, “இதெல்லாம் மறைக்கக் கூடாது பாருங்க” என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. சின்ன உண்மைகளைக் கொடுத்துப் பெரிய நம்பிக்கையை வாங்கினேன். “வேணும்னா ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வாங்க தம்பி” என்றும் சொன்னேன். மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

“நீங்க சொன்னா போதும்கா.”

ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது கியர் வெண்ணெயாக விழுந்தது. முந்நூறு டாலர் குறைக்கச் சொன்னார், குறைத்தேன், நன்றி சொன்னார். புகைச் சோதனைச் சான்றிதழைக் கொடுத்தேன், உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். கலிஃபோர்னியாவில் விற்றவர் ஐந்து நாளுக்குள் ஆர்.டி.ஓ. மாதிரியான டி.எம்.வி.-க்கு ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும், இனி இந்த வண்டிக்கு நான் பொறுப்பில்லை என்று. அன்று இரவே அனுப்பிவிட்டேன்.

டிசம்பரில் அவரிடமிருந்து செய்தி வந்தது. “அக்கா, காலைல ரெண்டாவது கியர் லேசா உறுமுது. உங்களுக்கும் அப்படி இருந்துச்சா?” பதில் எழுதினேன்: “குளிர்ல அப்படித்தான் தம்பி. சூடானா சரியாயிடும்.” எழுத்துக்கு எழுத்து உண்மை.

அடுத்த செய்தி ஜனவரியில். “மெக்கானிக் சிங்க்ரோ போச்சுங்கறார்க்கா. நீங்க இத்தனை வருஷம் நல்லா வெச்சிருந்த வண்டி. நான்தான் ஓட்டத் தெரியாம கெடுத்துட்டேன் போல. ஸாரிக்கா.”

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். சிங்க்ரோ அத்தனை சீக்கிரம் தேயாது என்று அந்த மெக்கானிக் சொல்லவில்லையோ, சொல்லியும் என்மேல் சந்தேகப்பட இவருக்கு மனம் வரவில்லையோ. எப்படியானாலும், நான் வாய் திறக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. நான் எழுதிய பதில் இது: “பரவாயில்ல தம்பி. பழகப் பழக வரும்.”

மன்னித்துவிட்டேன் அவரை.

பழுதுபார்க்கும் செலவைச் சேர்த்து யோசித்தவர், வண்டியை டீலரிடம் தள்ளிவிட்டு ஓர் ஆட்டோமேட்டிக் செடான் எடுத்துக்கொண்டார் என்று பொதுவான நண்பர் சொன்னார். “அவனுக்கு ஸ்டிக் சரிப்பட்டு வரலையாம்” என்று நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏன் செய்தேன்? இரண்டாயிரம் டாலர் எங்கள் வீட்டுக்குப் பாரமான தொகை இல்லை. விலையில் குறைத்துக்கொண்டு, “இரண்டாவது கியர் போய்விட்டது” என்று முதல் போனிலேயே சொல்லியிருந்தாலும் வண்டி விற்றிருக்கும். அந்த வருஷச் சந்தையில் எதுவும் விற்றது. ஆனால் “எப்படிப் போச்சு?” என்று அவர் கேட்பார். அதற்கு நான் சொல்ல வேண்டியிருக்கும் பதில், எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது என்பது. பாட்டியைக்கூட இழுத்துவந்து நான் கட்டிய கோட்டை அந்த ஒரு பதிலில் விழுந்துவிடும். மெக்கானிக்கிடம், கணவரிடம், கடைசியில் இந்தத் தம்பியிடம் நான் காப்பாற்றியது அந்தக் கோட்டையை. காரின் குறையை மறைத்ததாகச் சொல்வதுகூடச் சலுகைதான்; மறைத்தது என் கைக்குறையை. அது மறைந்தும் போகவில்லை, அவர் பெயருக்கு மாறிவிட்டது. ஊர்க்காரர்கள் நடுவில் ஓட்டத் தெரியாதவர் என்று அறியப்படுவது இப்போது அவர்தான்.

தனியார் விற்பனையில் வண்டி ‘இருக்கிற நிலையில்’ விற்கப்படுகிறது என்று ஒரு வழக்கம் உண்டு. சொல்லாமல் விட்டதற்கு அது ஓரளவு குடை பிடிக்கலாம். வேண்டுமென்றே மறைத்ததற்குப் பிடிக்காது. சட்டம் தெரிந்த தோழியிடம் யாரோ ஒருவர் கதையாகச் சொல்லி இதைக் கேட்டு வைத்தேன். அந்த யாரோ ஒருவருக்கும் என் பெயரைக் கொடுக்கவில்லை.

பணத்தை அனுப்புவது எளிது. ஏதாவது பெயர் சொல்லிக் கொடுத்துவிடலாம். கூடவே போக வேண்டிய ஒரு வரிதான் இருக்கிறது: வண்டியை நீங்கள் கெடுக்கவில்லை, நான் கெடுத்து உங்களிடம் தள்ளினேன். அதை எழுதிப் பார்த்து அழித்திருக்கிறேன். முன்பின் அறியாத வாசகர்களிடம் இத்தனை பக்கம் சொல்ல முடிகிறது. சொல்ல வேண்டிய ஒருவரிடம் ஒரு வரி எழுத முடியவில்லை. சக்கரத் தழும்பைக் காட்டியது போல இந்தக் கட்டுரையும் ஒரு வித்தையோ என்று எனக்கே சந்தேகம் உண்டு. முதலில் அவருக்கு அனுப்பிவிட்டு அப்புறம்தான் பத்திரிகைக்கு என்று உட்கார்ந்தேன். பத்திரிகைக்குத்தான் முதலில் போகிறது.