சட்டைக்காரர் வீட்டுச் சம்பந்தம்

1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தது முதல் நம் தங்கவயலில் வெள்ளையர் பங்களா ஒருபுறம், தமிழர் லைன் வீடுகள் மறுபுறம், இடையில் சட்டைக்காரர். 2001இல் சுரங்கம் மூடிற்று. நிறபேதம் போகவில்லை.

என் அத்தை மகன் ஆங்கிலோ-இந்தியப் பெண்ணொருத்தியை விரும்பினான். "சட்டைக்காரி நம் அடுப்பங்கரைக்கு வேண்டாமடா" என்றாள் அத்தை. பெண்ணின் தமையனாரோ, கறுப்பனுக்குத் தங்கையைத் தரேன் என்றார். விந்தை யாதெனில், அவர் நிறமும் என் நிறமே. மணந்ததும் தமிழ்ப் பெண்ணையே! கேட்டதற்கு, "என் பிள்ளைகள் எங்கள் இனம், அவள் பிள்ளைகள் அவ்விதம் ஆகா" என்றார். வீண்பேச்சென்று எண்ணினேன். அரசியல் சாசனத்தின் 366ஆம் ஷரத்தைப் புரட்டினால், ஐரோப்பிய வமிசம் தந்தை வழியில் வரவேண்டுமென்றே கண்டிருக்கிறது. ஆண் யாரை மணந்தாலும் இனம் தொடரும். பெண் வெளியே மணந்தால் அவளோடு நின்றுவிடும். அப்பெண் அதை அறிந்தே துணிந்தாள்.

1954ஆம் ஆண்டு விசேஷ விவாகச் சட்டப்படி மூன்று சாட்சிகள் தேவை. என்னை அழைத்தான். அத்தைக்கு அஞ்சி, கோரமண்டல் ஸ்டேஷனில் டூட்டி என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்கு ஓய்வு நாள். மாலையில் வாசலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மாலையும் கழுத்துமாய் இருவரும் அவ்வழியே வந்தனர்.

"டூட்டி முடிந்ததா, மச்சான்?" என்றான்.