ஒரு சிவப்பு வட்டமும் யூகொன் அணியும்



பதிவு கொஞ்சம் நீளம். அஸருக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் ஒரு உதவியும் கேட்டிருக்கிறோம்.

2023 நோன்பில் உங்களில் பலருடைய வட்ஸ்அப்புக்கும் அந்தச் செய்தி வந்திருக்கும். அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து விளையாடும் ஓர் இளைஞர் நோன்பு பிடித்துக்கொண்டே ஆடுகிறார் என்று. பெயர் அடாமா சனோகோ. ஆபிரிக்காவின் மாலி நாட்டுக்காரர். கனெக்டிகட் பல்கலைக்கழக அணி. அங்கே சுருக்கி யூகொன் என்பார்கள்.

வட்ஸ்அப்பில் வரும் இப்படியான செய்திகளில் பாதி பொய் என்பது எங்கள் அனுபவம். ஆகவே தேடிப் பார்த்தோம். இது உண்மை.

"நாங்கள்" என்றால் ஆசிரியர் ஓய்வறையின் ஜன்னலோர மேசைக்காரர் மூன்று பேர். ஒருவர் கணிதம், ஒருவர் அறபு மௌலவி, ஒருவர் ஆங்கிலம். அதுவரை கூடைப்பந்தில் ஒரு கூடைக்கு எத்தனை புள்ளி என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் நேரம் எங்களுக்கு வாய்ப்பாக இருந்தது. அவர்களுடைய இரவு மெட்ச் எங்களுக்கு ஸுபஹு தொழுதுவிட்டு வந்து உட்காரும் நேரம். ஹூஸ்டன் நகரில் ஏப்ரல் 1ஆம் திகதி அரையிறுதி. அங்கே மஃரிப் ஆகிக் கொஞ்ச நேரத்தில் மெட்ச் தொடங்கியது. மயாமி அணியை 72-59 என்று வென்றார்கள். சனோகோ மட்டும் 21 புள்ளி. இரண்டு நாளில் இறுதிப் போட்டி. சான் டியேகோ ஸ்டேட் அணியை 76-59. அவருக்கு 17 புள்ளி, மீட்டெடுத்த பந்துகள் 10. இறுதிக் கட்டத்தின் சிறந்த வீரரும் அவரே.

மௌலவி அன்று காலை மூன்று தரம் "மாஷா அல்லாஹ்" சொன்னார். கணித ஸேர் 76இலிருந்து 59ஐக் கழித்து, "நாங்க 17ஆல வென்றிருக்கம்" என்றார். அந்த "நாங்க" என்ற சொல் அன்று எங்கள் யாருக்கும் உறுத்தவில்லை.

அதற்குப் பிறகு பித்துப் பிடித்துவிட்டது. அமெரிக்க ரசிகர்கள் மெட்சைவிட மெட்ச் இல்லாத மாதங்களில்தான் அதிகம் பேசுகிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பொடியன்களுக்கு நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். ஐந்து நட்சத்திரம் உச்சம். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்வான் என்று வளர்ந்த ஆம்பிளைகள் நித்திரை முழித்து வாக்குவாதப்படுகிறார்கள். அவனுடைய உயரம், கை நீளம், உம்மா எந்த ஊரை விரும்புகிறா என்பது வரைக்கும் ஆராய்ச்சி. எங்களூர்க் கலியாணப் பேச்சில்கூட இவ்வளவு விசாரணை இல்லை.

2018இல் இடமாற்றப் பதிவேடு ஒன்று வந்தது. "போர்ட்டல்" என்கிறார்கள். பெயரைப் போட்டால் வேறு பல்கலைக்கழகங்கள் கூப்பிடலாம். 2021 ஜூலையிலிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து உழைக்கலாம் என்று அனுமதித்தார்கள். அதில் ஒரு அநியாயம், மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே இருந்துகொண்டு அந்தப் பணத்தை உழைப்பது சட்டச் சிக்கல். பக்கத்தில் நின்று ஆடுகிறவன் உழைப்பான், இவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு ஏப்ரலிலும் அணி கலைகிறது, ஒவ்வொரு நவம்பரிலும் புதிய முகங்களோடு வருகிறது.

ஆங்கிலம் படிப்பிக்கிறவருக்கு இந்தப் பேச்சு ஒரு புதையல். "கொமிட்" என்றால் எங்கள் பாடத்தில் குற்றம் செய்வது. அங்கே ஒரு பையன் "கொமிட்" ஆனான் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்தான். "ரெட்ஷேர்ட்" என்பது சிவப்புச் சட்டை அல்ல, ஒரு வருடம் போட்டியில் ஆடாமல் பயிற்சி மட்டும் எடுத்து, ஆடும் தகுதியை மிச்சம் பிடிப்பது. அதையே வினைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டார்கள்.

இனி அந்தச் சிவப்பு வட்டம்.

எங்களைப் பார்த்து மாணவர்களுக்கும் இது தொற்றியது. பதினோராம் ஆண்டுப் பொடியன் ஒருவன் "நான் விரும்பும் அணி" என்று ஆங்கிலக் கட்டுரை எழுதினான். அதில் ஒரு இடத்தில் "யூகொன் இஸ்" என்று இருந்தது. எங்களில் ஒருவர் "இஸ்"ஸைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மேலே "ஆர்" என்று எழுதி, ஒரு புள்ளி குறைத்தார். எங்களில் யார் என்று கேட்காதீர்கள். இந்தப் பதிவைத் தட்டச்சு செய்வதும் அவர்தான்.

பொடியன் கொப்பியோடு எழும்பி வந்தான்.

"ஸேர், இதுல என்ன பிழை?"

"அணி என்டா பல பேர். கிரிக்கெட் வர்ணனை கேக்குறதில்லையா? 'ஸ்ரீலங்கா ஆர்' என்டுதானே சொல்றாங்க."

"அமெரிக்காவில 'இஸ்' என்டுதான் எழுதுறாங்க ஸேர். நான் பார்த்தது."

"இது அமெரிக்கா இல்ல. போய் இரு."

வகுப்பு சிரித்தது. அவன் போய் இருந்தான். அதற்குப் பிறகு அந்தத் தவணை முழுக்க அவன் கை உயர்த்தவில்லை.

அன்றிரவே பார்த்தோம். பொடியன் சரி. பிரித்தானிய வழக்கில் அணியை ஆட்களாக எண்ணிப் பன்மை கொடுப்பது சாதாரணம், நாங்கள் படித்தது அது. அமெரிக்காவில் ஊர் அல்லது பல்கலைக்கழகத்தின் பெயர் என்றால் ஒருமை. அதே அணியின் பட்டப்பெயரைச் சொன்னால் பன்மை. ஆகவே "கனெக்டிகட் இஸ்", ஆனால் "ஹஸ்கீஸ் ஆர்". இதிலும் அவர்களுக்குள் சண்டை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் அணியின் பட்டப்பெயர் "கார்டினல்". அது ஒரு சிவப்பு நிறத்தின் பெயர், பன்மை விகுதி கிடையாது. சிரக்கியூஸ் அணி வெறும் "ஒரேஞ்ச்". ஒரு நிறத்துக்கு "இஸ்"ஸா "ஆர்"ரா என்று ரசிகர்கள் வாக்குவாதப்படுவதைப் பார்த்து நாங்கள் ஆறுதல் அடைந்தோம். உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.

மௌலவி சொன்னார், அறபில் வினை முன்னால் வந்தால் எழுவாய் பன்மையாக இருந்தாலும் வினை ஒருமையில்தான் வரும் என்று. தமிழில் "இலங்கை வென்றது", "இலங்கை அணியினர் வென்றனர்", இரண்டும் சரி. அப்படியிருக்க "இஸ்"ஸுக்கு மட்டும் ஏன் வட்டம் என்று கேட்டார். பதில் இல்லை.

அந்த ஒரு புள்ளியைத் திருப்பிக் கொடுக்க எங்களுக்கு ஒரு வாரம் எடுத்தது. ஏன் ஒரு வாரம் என்றால், தனியாகக் கூப்பிட்டுக் கொடுப்பதா, சிரித்த வகுப்புக்கு முன்னால் கொடுப்பதா என்ற யோசனை. தனியாகக் கொடுத்தால் எங்களுக்கு இலேசு. கடைசியில் வகுப்பில் வைத்தே சொன்னோம், "இவர் எழுதினது சரி, நாங்க போட்ட வட்டம்தான் பிழை" என்று. அவன் "பரவாயில்ல ஸேர்" என்றான். கை உயர்த்த இன்னும் இரண்டு மாதம் போனது.

"நாங்க" என்ற சொல்லுக்கு வருவோம். அமெரிக்க ரசிகர்களிடையே இதுவும் ஒரு தீராத வழக்கு. அணியில் ஆடாத, அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கக்கூட இல்லாத ஒருவர் "நாங்கள் வென்றோம்" என்று சொல்லலாமா? ஒரு கூட்டம் சொல்லவே கூடாது என்கிறது. மற்றக் கூட்டம், வருடா வருடம் வீரர் மாறுகிறார், மாறாமல் நிற்பது நாங்கள் மட்டும்தானே என்கிறது. ஆங்கிலத்தில் இருப்பது ஒரே ஒரு "வீ". கேட்கிறவனையும் சேர்த்தா, விட்டுவிட்டா என்று அதில் தெரியாது. தமிழில் "நாம்" என்றால் நீயும் உள்ளே, "நாங்கள்" என்றால் நீ வெளியே. நாங்கள் வாய் திறந்தால் வருவது "நாங்க".

2024இல் யூகொன் மறுபடியும் கிண்ணம் வென்றது. பர்டியூ அணியை 75-60. சனோகோ அப்போது அங்கே இல்லை. இன்னும் இரண்டு முன்னணி வீரர்களும் போயிருந்தார்கள். ரட்கர்ஸிலிருந்து மாறி வந்த கேம் ஸ்பென்சர், முதலாம் வருட மாணவன் ஸ்டெஃபன் காசல் என்று புது ஆட்கள். நாங்கள் அதே ஜன்னலோர மேசையில் "நாங்க 15ஆல வென்றம்" என்று கொண்டாடினோம்.

அடுத்த மேசையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த விஞ்ஞான மிஸ் தலையை உயர்த்தினா.

"அந்த நோன்பு பிடிச்ச புள்ள போய்ட்டாரே ஸேர். இன்னும் என்ன நாங்க?"

சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை.

"நீங்க கொண்டாடுற அதே யூனிவர்சிட்டியில பொம்புளப் புள்ளையள்ட டீம் எத்தின தரம் சாம்பியன் என்டு தெரியுமா?"

தெரியாது. ஒரு வருடமாக அந்த அணியோடு வாழ்ந்தோம், தெரியாது.

"பதினொன்டு. ஆம்பிளையள் இப்பத்தான் ஆறு."

கணித ஸேர் முதற்தடவையாகக் கழித்துப் பார்க்காமல் இருந்தார். (2025இல் அது பன்னிரண்டும் ஆனது.)

பிறகு மிஸ் பில்கீஸ் அப்துல் காதிரைப் பற்றிச் சொன்னா. கூடைப்பந்து 1891இல் பிறந்த ஊர் மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட். அதே ஊரில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளை. பள்ளிப் பருவத்தில் 3,070 புள்ளி எடுத்து, அந்த மாநிலத்தில் ரெபேக்கா லோபோவிடம் இருந்த சாதனையை முறியடித்தவர். லோபோ யூகொன் பெண்கள் முதற்தடவை சாம்பியனான 1995இல் அந்த அணியின் நட்சத்திரம். பில்கீஸ் மெம்பிஸ் பல்கலைக்கழகத்துக்காக ஹிஜாபோடும் நீளக் கை, நீளக் காற்சட்டையோடும் ஆடினார். படிப்பு முடிந்து தொழில்முறையாக ஆடப் போனபோது, தலையை மூடி ஆட முடியாது என்று சர்வதேசச் சம்மேளனத்தின் விதி வழிமறித்தது. தலையா பந்தா என்ற நிலை. அவர் தலையை மூடியே இருந்தார். விதியை மாற்று என்று குரல் கொடுத்தார். 2017இல் மாற்றினார்கள். அவருடைய ஆட்டக் காலம் அதற்குள் போய்விட்டது.

"சனோகோவப் பத்தி ஊர் முழுக்க மெஸேஜ் போச்சு. இந்தப் புள்ளயப் பத்தி ஒன்டாவது வந்ததா ஸேர்?"

வரவில்லை. வந்திருந்தால் நாங்களே அதைப் பகிர்ந்திருப்போமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மிஸ் அத்தோடு விடவில்லை. எங்கள் பாடசாலை மைதானத்தின் ஓரத்தில் ஒரு கூடைப்பந்து வளையம் இருக்கிறதே, வலை எப்போதோ பிய்ந்துபோனது. அதன் கீழே ஒரு பெண் பிள்ளை பந்து போட்டதை யாராவது கண்டிருக்கிறீர்களா என்று கேட்டா. அந்தப் பக்கம் வீதி. வீதியால் போகிறவர் எல்லோருக்கும் தெரியும். அதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வோம். ஒரு மறைப்பு கட்டலாம் என்பதை மட்டும் இத்தனை வருடமாக யாரும் சொல்லவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் பேச்சு எடுத்தபோது சுமுகமாகப் போகவில்லை. சிலர் கோபப்பட்டார்கள், சிலர் எழும்பிப் போனார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது, பாதுகாப்பு, நேரம், யார் பொறுப்பு. மிஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தா. இறுதியில் கிழமைக்கு இரண்டு நாள், பாடசாலை விட்டு அஸர் வரைக்கும், மிஸ்மார் மட்டும் பொறுப்பு, ஆம்பிளைப் பிள்ளைகளும் ஆம்பிளை ஆசிரியர்களும் மைதானத்துப் பக்கமே வரக்கூடாது என்று முடிவானது. ஆக, இவ்வளவு கூடைப்பந்து பேசிய எங்கள் மூன்று பேருக்கும் அங்கே இடமில்லை. ஸ்கோர் கேட்டால் மிஸ் சொல்வதில்லை.

பெயர்ப் பட்டியல் மட்டும் எங்களிடம் திருத்த வந்தது. பதினான்கு பெயர். இரண்டில் ஆங்கில எழுத்து பிறப்புச் சான்றிதழோடு ஒத்துவரவில்லை. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஒலாஜுவன் தன்னுடைய "அகீம்" என்ற எழுத்தை 1991இல்தான் "ஹகீம்" என்று சரிசெய்தார். அவ்வளவு காலம் எங்கள் பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம் என்று அன்றே திருத்திக் கொடுத்தோம். சிவப்புப் பேனை பாவிக்கவில்லை.

கட்டுரை எழுதிய பொடியன் 2025இல் எங்களைக் கடையடியில் கண்டான். யூகொன் அந்த வருடம் புளோரிடாவிடம் 77-75 என்று தோற்று வெளியேறியிருந்தது. துக்கம் விசாரிப்பான் என்று நினைத்தோம். "நான் இப்ப புளோரிடா ஸேர்" என்றான்.

இனி அந்த உதவி. வீதிப் பக்கம் கட்டிய படங்கு போன காற்றில் ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்துவிட்டது. அதனால் இரண்டு கிழமையாக விளையாட்டு இல்லை. நாற்பது அடி நீளத்துக்குப் பாவித்த படங்கு இருந்தாலும் போதும். வளையத்துக்கு ஒரு வலையும் வேண்டும். வைத்திருப்பவர்கள் வியாழக்கிழமைக்கு முன் பாடசாலைக் காரியாலயத்தில் விஞ்ஞான மிஸ்ஸின் பெயருக்குக் கொடுத்துவிடுங்கள். கட்டுவதற்கு நாங்கள் மூன்று பேரும் வருவோம், பிள்ளைகள் வருவதற்கு முன்னால்.