இலவசக் காவலும் எம்மூர்க் கணினிகளும்

பீடி சுற்றும் தாய்மாரின் உழைப்பினால் கல்லூரிப் படியேறிய மாணாக்கர் முக்கூடலில் பலர் உளர். பீடித் தொழிலாளர்தம் மக்களின் கல்விக்கென மத்திய சர்க்காரின் தொழிலாளர் இலாகா உதவித்தொகை வழங்கி வருகின்றது. அதற்குத் தேசிய உதவித்தொகை வலைத்தளத்தின் வாயிலாகவே மனுச் செய்தல் வேண்டும். வீட்டிற் கணினி இல்லாதார் கடைத்தெருவிலுள்ள கணினி மையத்தை நாடுகின்றனர். ஆதார் அட்டை, தாயின் தொழிலாளர் அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகிய யாவும் ஒரு சிறு பென்டிரைவில் ஏறிச் சென்று, அம்மையத்துக் கணினியில் இறங்கி, பெரும்பாலும் அங்கேயே தங்கியும் விடுகின்றன. இளைய மாணவர் சிலருக்கு இம்மனுக்களை நிரப்ப உதவி வருகின்ற யாம், இவ்விஷயமாகச் சில சொல்ல விரும்புகின்றோம்.

திரும்பி வரும் பென்டிரைவ் பல வேளைகளில் தனியே வருவதில்லை. உள்ளிருந்த கோப்புகளைக் காணாமல், அவற்றின் பெயர் தாங்கிய குறுக்குவழிக் குறிகளை மட்டும் கண்டு, எழுதியதெல்லாம் போயிற்றென்று கலங்கிய மாணவரை யாம் பார்த்ததுண்டு. கோப்புகள் பெரும்பாலும் அழிவதில்லை, மறைக்கப்பட்டே கிடக்கின்றன. அக்குறியைச் சொடுக்கும்போதுதான் நச்சு நிரல் எழுந்து அடுத்த கணினியிற் புகுகின்றது. பதறிப்போய் உடனே ‘பார்மட்’ செய்கின்றவரே உண்மையில் இழப்பவர்.

இஃது ஏழை மாணவரின் பழங்கணினிக்கே உரிய நோயென்று எண்ணற்க. எம் ஜில்லாவின் கடற்கரையிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் இது நுழைந்தது. 2019 செப்டம்பர் 4-ஆம் தேதி நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவினர் அணுமின் கழகத்தாரை எச்சரித்தனர். அக்டோபர் 29-இல் நிலையத்தார் செய்தியை மறுத்தனர். மறுநாளே, கணினியொன்றில் நச்சு நிரல் இருந்தது உண்மையென்று கழகத்தார் ஒப்புக்கொண்டனர். நிருவாக வேலைக்காக இணையத்தோடு இணைக்கப்பெற்ற வலையில் இருந்த கணினி அது. உலையை இயக்கும் அமைப்புகள் வேறு வலையில் இருந்தமையால் அவை தீண்டப்படவில்லை. ‘டிட்ராக்’ என வல்லுநர் பெயரிட்ட அவ்வகை நிரல், விசைப்பலகையில் தட்டும் எழுத்துகளையும் உலாவியின் வரலாற்றையும் திருடவல்லது. அங்கே காப்பாற்றியது பிரித்து வைத்தலே. வீட்டில் ஒரே கைப்பேசியில் தம்பியின் விளையாட்டும் தாயின் வங்கிக் கணக்கும் கூடியிருப்பதைக் காணுந்தோறும் எமக்கு இதுவே நினைவுக்கு வரும்.

இனி, எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று கேட்பார்க்கு எம் விடை சிறிதே. விண்டோஸ் கணினியில் ‘டிபெண்டர்’ என்னும் காவல் உடனிருந்தே வருகின்றது. அதனை அணைக்காது, புதுப்பித்தல்களைத் தடுக்காது விட்டால் சாதாரண மாணவர்க்குப் போதுமானது. இரண்டு காவல் நிரல்களை ஒருங்கே ஓட்டுவது வீண். ஒன்றையொன்று இடறிக் கணினியை மந்தமாக்கும். 2011 முதல் சர்க்கார் இலவசமாக அளித்த மடிக்கணினிகள் எம்மூர் வீடுகளில் இன்னும் உழைக்கின்றன. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவே 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது; அதனினும் பழைய பதிப்புகளில் வங்கி வேலை செய்யாமலிருத்தல் நலம். அத்தகைய கணினியில் லினக்ஸ் ஏற்றிப் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஐயம் தோன்றின், மத்திய சர்க்கார் 2017-இல் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்தா கேந்திரம்’ நச்சு நீக்கும் கருவிகளை விலையின்றித் தருகின்றது. சென்னையிற் பிறந்த கே7, புனேயின் குவிக்ஹீல் ஆகிய நம் நாட்டுக் கம்பெனிகளும் அதற்குத் துணைநின்றன.

இலவசம் என்ற சொல்லைக் கண்டு மயங்குவார்க்கு ஒன்று கூறுவோம். செக் நாட்டு அவாஸ்ட் கம்பெனியின் இலவச ஆன்டிவைரஸைக் கோடிக்கணக்கானோர் நம்பினர். அவர்கள் இணையத்தில் எங்கெங்கு சென்றனர் என்னும் விவரங்களை ‘ஜம்ப்ஷாட்’ என்ற துணைக் கம்பெனி வாயிலாக விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2024-இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. காவற்காரனே வேவுகாரனாயின் யாரிடம் முறையிடுவது? காசு கொடுத்து வாங்கும் நிரலெல்லாம் உத்தமம் என்றும் யாம் சொல்லோம். ‘கிராக்’ செய்யப்பட்ட ஆன்டிவைரஸோ நகைப்புக்குரியது. திருடனிடமே பூட்டு வாங்குவதை ஒக்கும்.

எந்தக் காவல் நிரலும் தடுக்கமாட்டாத களவு ஒன்றுண்டு. உதவித்தொகை வந்துள்ளது, கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று இனிய தமிழில் ஒருவர் பேசுவார். தாய் ஓடீபீ எண்ணைச் சொல்லிவிடுவார். வாட்ஸப்பில் வரும் ஏபீகே கோப்பும் இதற்குத் தம்பியே. அவ்வாறு பணம் போயின் அழுதுகொண்டு விடியும்வரை காத்திராது, 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுதல் வேண்டும். பணம் கைமாறிச் செல்லுமுன் செய்தி எட்டினால், அது சென்ற கணக்கிலேயே நிறுத்திவைக்க வழியுண்டு. அவ்வெண்ணைத் தாயின் கைப்பேசியிற் பதிந்து கொடுக்க அரை நிமிஷம் ஆகும்.