பாதியில திரும்பின பயணம்

எளாவூர்ல பிறந்தவனுக்கு ஏரோப்ளேன் எதுக்குன்னு கேக்காத சொந்தக்காரங்க இல்லை :-) கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவுல லோக்கல் ரயில் நிக்கிற ஊர். ஹைவேயில போறவங்களுக்கு அது ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான். எங்களுக்கு அது பழவேற்காடு ஏரிக்கரை.

இப்ப இருக்கிறது கலிஃபோர்னியா சான் ஹோசே. இங்க சொந்தமா பறக்கறது பெரிய பணக்காரங்க சமாச்சாரம் இல்லைங்க. குறைஞ்சது 40 மணி நேரம் பறந்து, தேர்வு எழுதி, பரீட்சகரோட பறந்து காட்டினா பிரைவேட் பைலட் லைசென்ஸ். விமானம் மணிக்கணக்குல வாடகைக்குக் கிடைக்கும். கூட வர்றவங்களோட பெட்ரோல், வாடகையைப் பங்கு போட்டுக்கலாம். சம்பாதிக்க மட்டும் கூடாது.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, ரீட்-ஹில்வியூ ஏர்போர்ட்ல இருந்து நாலு பைலட், நாலு செஸ்னா 172. மலையைத் தாண்டி ஹாஃப் மூன் பே போறதா திட்டம். கடலோர ரன்வே, இறங்கி நடந்தே மீன்பிடி துறைமுகத்துக்குப் போய் சாப்பிடலாம். ஒரு மாசம் முன்னாடியே புக் பண்ணியாச்சு. என் விமானத்துல நண்பர், அவர் மனைவி, 9 வயசு பொண்ணு. அந்தப் பொண்ணுக்கு அன்னிக்குப் பொறந்தநாள்.

மலைக்கு மேல வந்தா அந்தப் பக்கம் கடலே இல்லை. வெள்ளையா பஞ்சு விரிச்ச மாதிரி ஒரே மூட்டம்! கோடையில இங்க கடல் தண்ணி ஜில்லுனு இருக்கும். மேல வர்ற ஈரக்காத்து குளிர்ந்து மூடுபனியா நிக்கும். பெரும்பாலும் மத்தியானம் விலகிடும். ரேடியோவுல ஒரு நண்பர், "அங்க ஒரு ஓட்டை தெரியுது, கீழ இறங்கிப் பாக்கலாமா?"ன்னார்.

கருவியை மட்டும் பாத்து மேகத்துக்குள்ள ஓட்ட தனி ரேட்டிங் வேணும். எங்க நாலு பேர்ல யார்கிட்டயும் அது கிடையாது. 1954-ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க. கருவி பயிற்சி இல்லாத 20 பேரை, வெளிய எதுவும் தெரியாதபடி பறக்க விட்டாங்க. 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தாங்க. சராசரியா 178 விநாடியில! மூணு நிமிஷம்கூட இல்லை. நேராத்தான் பறக்கறோம்னு காது சொல்லும், விமானம் சாய்ஞ்சு சுத்திட்டு இருக்கும்.

எனக்கு அப்ப ஞாபகம் வந்தது ஏரியில இருக்கிற பாடு முறை. தெரியாதவங்களுக்கு: ஏரியில எந்த இடத்துல யார் எப்ப வலை போடணும்னு மீனவ கிராமங்கள் முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. முறை வந்த நாள்ல காத்து கெட்டா, அன்னிக்குப் போனது போனதுதான். அதனாலேயே போகத் தோணும். கடலும் வானமும் கெட்டா ஆபத்து ஒண்ணு. "இன்னிக்கு என் முறையாச்சே"ங்கிற நெனப்பு ரெண்டாவது ஆபத்து. முதலாவது கண்ணுக்குத் தெரியும். ரெண்டாவது உள்ள உக்காந்திருக்கும்.

என்னோட புக்கிங்கும் பொறந்தநாளும் பாடு மாதிரியேதான் இருந்துச்சு. "நான் திரும்பறேன்"னு ரேடியோவுல சொன்னேன். ரெண்டு விநாடி அமைதி. அப்புறம் ஒவ்வொருத்தரா "நானும்"னாங்க. ஓட்டை பாத்தவரும்தான். யாராவது முதல்ல சொல்லட்டும்னு எல்லாருமே காத்திருந்தாங்க போல.

உள்நாட்டுப் பக்கம் ஹாலிஸ்டர்ல வானம் பளிச்சுனு இருந்துச்சு. அங்க இறங்கி, இறக்கை நிழல்ல உக்காந்து நான் கட்டிட்டுப் போன இட்லியும் மிளகாய்ப்பொடியும் சாப்பிட்டோம். எஞ்சின் இல்லாத கிளைடர்கள் சத்தமே இல்லாம இறங்கறதைப் பாத்து பொண்ணு கை தட்டினா. கேக் வேற சாயந்திரம் வீட்டுல.

அந்த 1954 ஆராய்ச்சியோட நோக்கம் பயமுறுத்தறது இல்லைங்க. மாட்டிக்கிட்டவங்களுக்கு 180 டிகிரி திரும்பி வெளிய வரக் கத்துக்குடுக்கறதுதான். பறக்கக் கத்துக்கறவங்களுக்கு அதைவிட உருப்படியான பாடம் எனக்குத் தெரிஞ்சு வேற இல்லை.