நேற்றைய ரொட்டி

மனிதர் ஒரு பண்டத்துக்கு இடும் பெயரில் அவர்தம் வாழ்க்கையும் ஒளிந்திருக்கும். பழைய ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் ஊறவைத்துப் பொரித்தெடுக்கும் சிற்றுண்டியைப் பிரெஞ்சு மக்கள் 'இழந்த ரொட்டி' என்பர்; ஜெர்மானியர் 'ஏழை வீரர்கள்' என்பர். ஸ்பெயின் நாட்டினர் தவக்காலத்திலும் புனித வாரத்திலும் இதனை விரும்பிச் சமைப்பர். அப்பீசியுஸ் பெயரால் வழங்கும் உரோமர் காலத்துச் சமையல் நூலிலும், ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றும் முறை உண்டு. நம் ஊர்களில் இதற்குப் 'பம்பாய் டோஸ்ட்' என்று பெயர். வீணாயிற்று என்று ஒதுக்கப்படுவதை வீணாகவிடாத இல்லங்களின் கைப்பக்குவம் இது.

இந்த எளிய பண்டத்தை ஒரு ஜப்பானியச் சிற்றுண்டியகத்தில் உண்ட நாளை எங்கள் குடும்பம் மறக்க இயலாது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. அத்தகைய ஆலைகளின் பொருட்டு ஜப்பானியர் பலர் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேற, அவர்களுக்கான உணவகங்களும் தோன்றின. கண் மருத்துவரிடம் அம்மாவைக் காட்டிவிட்டுச் சதுரங்கப்பட்டினம் திரும்பும் வழியில், பெருமழைக்கு ஒதுங்கி அவற்றுள் ஒன்றில் நுழைந்தோம்.

அப்பா இறைவனடி சேர்ந்து அப்போது ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா அழவில்லை, எவரையும் கடிந்துகொள்ளவுமில்லை. உண்பதை மட்டும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டார். அரைக் கிண்ணம் கஞ்சி, இரண்டு வாய்ச் சோறு, அவ்வளவே. அப்பாவின் பெயரை எடுத்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

மேசைக்கு வந்த ரொட்டித் துண்டு இரண்டு விரற்கடை கனம் இருந்தது. மேற்புறம் பொன்னிறமாய் முறுகியிருக்க, உட்புறமோ இளம் பாலாடை போல் குழைந்திருந்தது. ஒரு வாய் உண்ட அம்மா, சமையற்கட்டில் நின்ற தமிழ் இளைஞரை அழைத்தார்.

“தம்பி, இதை எவ்வளவு நேரம் ஊறவைத்தீர்கள்?”

“இரவு முழுவதும், பாட்டி. முந்தைய நாள் ரொட்டியாக இருக்கவேண்டும். புது ரொட்டி பாலில் கரைந்துபோகும். சிறு தீயில் மூடிவைத்துத்தான் வேகவைப்போம்.”

அம்மா தலையசைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, “உங்கள் அப்பா கல்பாக்கத்திலிருந்து ரொட்டி வாங்கி வருவார். அன்றே தின்னக் கொடுக்கமாட்டார். நாளைக்குத்தான் ருசி என்பார்” என்றார். மழை விடும்வரை அவரே பேசிக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு துணுக்கும் மிஞ்சவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. கடற்கரையோரம் டச்சுக் கோட்டையின் மதில் நனைந்து நின்றது. இங்கே வாணிபம் செய்த அதே டச்சுக் கம்பெனிதான் 1641 முதல் நாகசாகித் துறையின் தெஜிமா தீவிலும் கடை விரித்திருந்தது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் கப்பலேறி ஜப்பான் சென்றன. கோடு போட்ட ஒருவகைத் துணிக்கு ஜப்பானியர் நம் சாந்தோமின் பெயரையே இட்டு 'சந்தோமே' என்றழைத்தனர். ரொட்டியை அவர்கள் 'பான்' என்பதும் ஈழத்தமிழர் 'பாண்' என்பதும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவையே. ஆகவே, அந்நியர் சமைத்த பண்டத்தில் அம்மா தம் வீட்டுச் சுவையைக் கண்டதில் வியப்பில்லை. கடல்கள் பிரித்தவற்றை அடுப்புகள் எத்தனையோ முறை சேர்த்துவைத்திருக்கின்றன.

மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. காலையில் மீண்டும் அரைக் கிண்ணம் கஞ்சிதான். ஆயினும் அந்த வாரச் சனிக்கிழமையன்று, “ஒரு ரொட்டி வாங்கி வையுங்கள், ஞாயிறு பூசை முடிந்து வந்து செய்யலாம்” என்றார். அச்சொற்களைக் கேட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த இளைஞர் சொன்னதைப் பலமுறை எண்ணிப் பார்க்கிறோம். பாலை ஏந்தும் வலிமை, உலர்ந்து இறுகிய ரொட்டிக்கே உண்டு. துயரத்தால் இறுகிய மனிதரும் அப்படித்தான். அவர்கள் அன்பை ஏற்க மறுப்பவர்கள் அல்லர். அது உள்ளே இறங்க நேரம் வேண்டும். நாமோ அடக்கத்தன்று திரள்கிறோம். முப்பதாம் நாள் திருப்பலியில் கண்கலங்குகிறோம். அதன்பின் நம் வேலைகளுக்குத் திரும்பிவிடுகிறோம். துயருற்ற உள்ளம் இறுகத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகே.

நம் பங்கில் ஐந்தாம் மாதத்தில் இருக்கும் ஓர் இல்லம் இருக்கக்கூடும். அங்கே போகலாம். அறிவுரை எதுவும் வேண்டியதில்லை. சற்று நேரம் உடன் அமர்ந்திருந்து, இறந்தவர் எதை விரும்பி உண்பார் என்று கேட்டாலே போதும்.