அறுபதுக்கு மேல் வேண்டாம்

நல்வழி சொல்பவர் எல்லா நேரமும் மேடையில் நிற்பதில்லை. சில வேளைகளில் சாலையோரத்தில், கரி படிந்த கைகளோடு குந்தியிருப்பார். அத்தகைய ஒருவர் சொன்னதைக் கேட்டும் கேளாதவராய் நாம் நடந்துகொண்ட கதை இது.

சென்ற ஆண்டு உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்காகச் சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் புறப்பட்டோம். ஓட்டியவர் நம் தங்கை மகன். பின்னிருக்கையில் நம் துணைவியாரும் ஐந்து வயதுப் பேத்தியும் இருந்தனர். திருச்சியைத் தாண்டியதும் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. ஸ்டெப்னி டயரோ வெடிப்பு விழுந்து, எதற்கும் உதவாத நிலையில் டிக்கியில் கிடந்தது. காற்றில்லாத சக்கரத்தோடு மெல்ல ஊர்ந்து ஒரு பஞ்சர் கடையை அடைந்தோம்.

மருமகன் தேநீர் அருந்தச் சென்றிருந்தார். கடைக்காரர் ஆணியைப் பிடுங்கி, துளையில் பசையிட்ட ரப்பர் திரியைச் செருகிவிட்டு நம்மிடம் சொன்னார்: “பாய், ஆணி ஓரத்துல ஏறியிருக்கு. இது ஊர் போய்ச் சேரத்தான். அறுபதுக்கு மேல வேண்டாம். மதுரை போனதும் டயரை மாத்திடுங்க.”

தலையசைத்தோம், காசு கொடுத்தோம். மருமகனிடம் மட்டும் சொல்லவில்லை. லுஹருக்குப் பின் நிக்காஹ். அறுபதில் சென்றால் நேரத்திற்குப் போய்ச் சேர இயலாது. வேகமுள் 110ஐத் தொட்டபோது சொல்லிவிடலாமென இருமுறை வாயெடுத்தோம். முதல் வரிசையில் அமர வேண்டும் என்னும் ஆசை நாவைக் கட்டிவிட்டது.

துவரங்குறிச்சி கடந்த சிறிது நேரத்தில் பெருஞ்சத்தம் கேட்டது. வண்டி ஒருபுறம் இழுத்தது. மருமகன் பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டியை ஓரம் சேர்த்தார். பேத்தி விழித்து வீரிட்டழுதாள். டயர் நார்நாராய்க் கிழிந்திருந்தது.

அந்தக் கடைக்காரரின் சொல்லில் எவ்வளவு உண்மை பொதிந்திருந்தது என்பதைப் பின்னரே கற்றறிந்தோம். காரின் டயரில் தரையைத் தொடும் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளையையே முறையாகச் சீர்செய்யலாம். அதற்கும் டயரைக் கழற்றி உட்புறத்தைச் சோதித்து, துளையை அடைத்து, உள்ளே ஒட்டும் போட வேண்டும். வெளியிலிருந்து செருகும் திரி தற்காலிக உதவியே. ஓரமும் பக்கச்சுவரும் ஓயாமல் வளைந்து நெளிபவை. அங்கே இட்ட ஒட்டு நிலைக்காது. காற்றின்றி உருட்டிய டயர் உள்ளே நைந்துபோயிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

வேகம் இரு மடங்கானால் சுழலும் டயரைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும்; சூடும் ஏறும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள வேக எழுத்து, 180 கிலோமீட்டரோ 210 கிலோமீட்டரோ, பழுதற்ற டயருக்கு அளித்த உறுதி. ஒட்டுப்போட்ட டயருக்கு அந்த உறுதி பொருந்தாது என்று கூறும் உற்பத்தியாளர்களும் உளர்.

சாலைக்கு மட்டுமன்று, ஓடுபாதைக்கும் இதுவே நியதி. 1991 ஜூலை 11 அன்று, ஹஜ்ஜை முடித்த நைஜீரிய ஹாஜிகளோடு ஜித்தாவிலிருந்து கிளம்பிய டிசி-8 விமானம் நம் நினைவை விட்டு அகலவில்லை. அதன் டயர்களில் காற்றுக் குறைந்திருந்தது. பராமரித்தோர் அதை அறிந்திருந்தனர். தாமதத்தை அஞ்சி அப்படியே விட்டனர். ஓடுபாதையில் வேகமெடுத்தபோது டயர்கள் சிதைந்து தீப்பற்றின. 261 உயிர்கள் மாண்டன. அங்கும் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய சொல் சொல்லப்படவில்லை.

நிக்காஹ் முடிந்த பின்னரே மதுரை சேர்ந்தோம். “அல்லாஹ் காப்பாற்றினான்” என்று எல்லோரும் ஆறுதல் கூறினர். ஆம், அவனே காப்பாற்றினான். ஆனால் பின்னிருக்கையில் உறங்கிய அந்தக் குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா? “ரோடு சரியில்லை மாமா, என் தப்புதான்” என்று மருமகன் வருந்தியபோதும் வாய்மூடி நின்றோம்.

இன்று அதை அவரிடம் சொல்லிவிட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “வாங்க மாமா, ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாத்துட்டு வருவோம்” என்று எழுந்தார்.